மூணு ரங்கன், ஒரே காவிரி

அடுகோடியிலிருந்து சுமார் 125 கி.மீ. போனா ஸ்ரீரங்கப்பட்டணம். ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கமணியும் கிளம்பிட்டோம். வழியில் மத்தூர் வடை. உளுந்தும் இல்லை, நடுவில் ஓட்டையும் இல்லை. அரிசி மாவு, ரவை, மைதா, வெங்காயம். தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கு!

காவிரியின் மூன்று தீவுகளில் மூன்று ரங்கநாதர்கள். இங்கே ஆதிரங்கன், சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கன், நம்ம ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கன். இந்தக் கோயிலுக்குத் திப்பு சுல்தான் வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்திருக்கிறார். 1784-ல் அவர் கட்டிய தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய போர்க்காட்சி ஒன்று இருக்கு. எந்த ஊர்ப் போர் தெரியுமா? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர்! 1780-ல் கர்னல் பெய்லியின் படை அங்கேதான் ஹைதரிடமும் திப்புவிடமும் தோற்றது.

1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி வந்த கலவரத்தில், பெங்களூர்த் தமிழர்கள் பலர் வீட்டை விட்டு ஓடினார்கள். இங்கே வளரும் நம்ம பிள்ளைகளுக்கு அதுவும் தெரியணும். ஆனா, காவிரின்னா சண்டைன்னு மட்டும் தெரிஞ்சா போதாது. ஒருதடவை இந்தத் தீவுக்குக் கூட்டிப் போய் ரங்கனையும் அந்தச் சுவரையும் காட்டுங்க. வடையையும் மறக்காதீங்க.