துவக்கும் நெடுவில்லையும்: தீவகத்து மாரிப் பறவைகள் பதிவான வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலசைப் பறவைகளைப் பற்றிய பழைய அறிவியற் குறிப்புகள் பெரும்பாலும் துவக்கின் துணையோடு எழுதப்பட்டவை. இன்று அதே பறவைகளை வேலணை–புங்குடுதீவுத் தாம்போதியில் வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு 600 மில்லிமீற்றர் லென்சால், அதாவது நெடுவில்லையால், படமெடுக்கிறார்கள். இந்த மாற்றத்தை லென்ஸ் செய்தவர்களின் வரலாறாக மட்டும் எழுதுவது வழக்கம். குடாநாட்டை ஒட்டிய தீவுகளான தீவகத்துக்கு அது போதாது. பறவைக்கும் மனிதருக்கும் இடையிலான தூரத்தை இங்கே முதலில் தீர்மானித்தவை ஆழமற்ற கடலும், அதை ஊடறுத்துப் போட்ட தெருவும், அந்தத் தெருவில் நடமாடக் கிடைத்த அனுமதியும். லென்ஸ் அவற்றுக்குப் பிறகுதான் வந்தது.

ஐப்பசியில் சோளகம் ஓய்ந்து வாடைக்காற்று திரும்பும்போது தீவகத்தின் மாரி தொடங்குகிறது. வலசைப் பறவைகளின் முதல் கூட்டங்கள் அதற்கு முன்பே, ஆவணி–புரட்டாசியில் வந்துவிடும்; பங்குனி, சித்திரை வரை தங்கும். மத்திய ஆசிய வான்வழியின் தென்முனை இது. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று 2021இல் சைபீரியாவின் யமால் தீபகற்பம் வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பதிவுசெய்தார்கள். வேலணைக்கும் மண்டைதீவுக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கிடக்கும் பரவைக்கடல் பல இடங்களில் முழங்காலளவுதான். பூநாரைக்கு வேண்டியதும் அந்த ஆழமே. ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கோட்டான், உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா எல்லாம் இந்தத் தண்ணீரையும் அதன் ஓரத்துத் தரவைகளையும் நம்பியே வருகின்றன.

இவற்றை அறிவியலின் ஏட்டில் ஏற்றியவர்களில் முன்னோடி எட்கர் லெயார்ட். 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்த இந்த ஆங்கிலேய அதிகாரி பருத்தித்துறையில் இருந்தும் பறவைகளைச் சேகரித்தார். அவருடைய இலங்கைப் பறவைக் குறிப்புகள் 1853–54இல் இலண்டன் இதழொன்றில் தொடராக வந்தன. முத்துக்குளிப்பு ஆய்வுக்காக வந்த ஹோல்ட்ஸ்வேர்த் 1872இல் ஒரு பட்டியல் தந்தார். பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக்கின் பெருநூல் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மூவருக்கும் சான்று என்பது சுட்டு வீழ்த்திப் பாடம் செய்த தோல்.

இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டால் வரலாறு விளங்காது. இங்கே மாரியில் நிற்கும் இரண்டு வகை மணல் உப்புக்கொத்திகளை எடுத்துக்கொள்வோம். இனப்பெருக்க காலத்துச் செம்மை உதிர்ந்தபின் இரண்டும் ஒரே சாம்பற் பழுப்பு. அலகின் நீளமும் காலின் நீளமும்தான் அவற்றைப் பிரிக்கும். தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரியும் பறவையில் அந்த மில்லிமீற்றர் வேறுபாட்டைக் காண அன்றைய ஆய்வாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் தோலும் முழு உண்மையைச் சொல்லாது. லெக்கின் நூலுக்கு ஓவியம் தீட்டிய கேலமன்ஸ் இங்கிலாந்தில் இருந்து, பாடம் செய்த உடல்களைப் பார்த்து வரைந்தவர். உலர்ந்த தோலில் காலின் நிறமும் அலகின் நிறமும் மங்கிவிடும். அவற்றுக்கு ஓவியர் சேகரித்தவரின் குறிப்பையே நம்பவேண்டியிருந்தது. பறவை எப்படி நின்றது, எத்தனை பறவைகளோடு நின்றது என்பவையும் தோலில் இல்லை.

1891இல் இலண்டனில் தோமஸ் டால்மேயரும் ஜேர்மனியில் அடோல்ப் மீத்தேயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொலைநோக்கு லென்சை வடிவமைத்தனர். முன்னால் ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதி, பின்னால் விரிக்கும் தொகுதி; இதனால் லென்சின் உடல் அதன் குவியத் தூரத்தைவிடக் குறுகியதாக அமைந்தது. நெடுந்தூரப் படக்கலை பற்றி டால்மேயர் 1899இல் ஒரு நூலே எழுதினார். அப்படியிருந்தும் பறவைப் படக்கலை உடனே நீண்ட லென்சின் பக்கம் போகவில்லை. அன்றைய கண்ணாடித் தகடுகளின் ஒளியுணர்வு குறைவு. நீண்ட லென்சுகளுக்குள் புகும் ஒளியும் குறைவு. ஆகவே படமெடுப்பவர்கள் கூட்டைத் தேடிப் போனார்கள். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் கூட்டைப் படமெடுக்கத் தொடங்கி, பிறகு வெறுமையாக்கிய மாட்டு உடலுக்குள் ஒளிந்துகொண்டும் பறவைகளை எடுத்தார்கள். இந்தியாவில் லோதரும், மலாயாவிலிருந்து வந்து சாலிம் அலியோடு திரிந்த லோக் வான் தோவும் மறைவிடம் கட்டிக் கூட்டருகே காத்திருந்தவர்களே.

கூட்டுக்குப் பறவை திரும்பி வரும் என்ற உறுதியின் மேல்தான் அந்த முறை முழுவதும் நின்றது. மாரிக்கு வரும் விருந்தாளிக்கு இங்கே கூடு கிடையாது. அது திரும்பி வரவேண்டிய ஓரிடம் கிடையாது. தமிழகத்தின் வேடந்தாங்கல் ஏரியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கும் வடகிழக்குப் பருவமழைதான் பறவைகளைக் கூட்டுகிறது. ஆனால் அவை ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. மா. கிருஷ்ணன் போன்றோர் கறுப்பு–வெள்ளையில் தமிழகத்து நீர்ப்பறவைகளைப் பதிவுசெய்யத் தொடங்கிய காலத்தில் வேடந்தாங்கல் படக்கலைஞருக்கு ஒரு நிலையான மேடையைத் தந்தது. புங்குடுதீவுக் கடலில் அப்படி மேடை எதுவும் இல்லை. சேற்றுக்குள் மறைவிடம் நட்டால் பறவை அரை மைல் தள்ளி மேயும். வலசைப் பறவையின் படத்துக்கு நீண்ட லென்ஸ் இன்றியமையாதது என்பதற்கு என் பார்வையில் இதுவே அடிப்படைக் காரணம். கியர்ட்டன்களின் வழி இங்கே செல்லுபடியாகவே இல்லை.

மறைவிடம் வேறு உருவில் வந்தது. பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாணத்தை வேலணையோடு இணைத்தது; வாணர் தாம்போதி வேலணையைப் புங்குடுதீவோடு இணைத்தது. மக்கள் பேருந்தில் ஏறிக் குறிகட்டுவான் வரை போய், அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு பிடிக்கவே இந்தத் தெரு. அதன் இன்னொரு பயனை எவரும் திட்டமிடவில்லை. நாள்தோறும் போய்வரும் பேருந்துக்கும் மோட்டார் வண்டிக்கும் பறவைகள் பழகிவிடுகின்றன. நடந்து இறங்கும் மனிதருக்குப் பழகுவதில்லை. வாகனத்துக்குள் இருப்பவரிடமிருந்து முப்பது மீற்றரில் மேயும் உப்புக்கொத்தி, கதவு திறந்ததும் எழுந்துவிடும்.

தெரு வந்த காலத்தில் லென்சும் கையில் தூக்கக்கூடியதாகிக்கொண்டிருந்தது. 1935இல் லைக்காவுக்கு 200 மில்லிமீற்றர் டெலிட், பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி 1936இல் சைஸின் 180 மில்லிமீற்றர், போருக்குப் பின் ஜேர்மனியின் நோவோபிளெக்ஸ், சோவியத் நாட்டின் ஆடி லென்சுகள். ஆடி லென்ஸ் 500 மில்லிமீற்றரைக் குட்டை உருளையாக்கியது. ஆனால் தண்ணீரில் மின்னும் ஒவ்வொரு ஒளித்துளியையும் அது நடுவே ஓட்டையுள்ள வளையமாகக் காட்டும். பரவைக்கடலின் வெயில்பட்ட பரப்பில் பறவையைச் சுற்றி நூறு வளையங்கள் நிற்பதைப் பார்த்தவர்கள் அந்த லென்சைக் கடற்கரைக்கு விரும்பமாட்டார்கள்.

1985 முதலான கால் நூற்றாண்டில்தான் நெடுவில்லையின் பெரும் பாய்ச்சல் நடந்தது. 1985இல் மினோல்ட்டா தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியது. 1987இல் கெனன் தன் புதிய லென்ஸ் வரிசையைத் தொடங்கியது. 1995இல் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸ் சந்தைக்கு வந்தது. 1999இல் நிக்கொன் டி1 டிஜிட்டலைச் செய்திப் படக்கலையின் நடுவே கொண்டுவந்தது. அதே ஆண்டுகளில் தீவகத்தில் என்ன நடந்தது? 1990இல் தீவுகளுக்குள் இராணுவ நடவடிக்கை வந்தது. 1991இல் புங்குடுதீவு மக்களில் மிகப் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மின்கலங்கள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டன. தாம்போதிகளில் காவலரண்கள் எழுந்தன. காவலரணுக்கு முன்னால் ஒரு நீண்ட குழாயைத் தோளுக்கு உயர்த்திக் கடலைக் குறிபார்ப்பது எவரும் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. மின்கலத்தால் இயங்கும் கமரா உலகெங்கும் பரவிய தலைமுறை, இங்கே மின்கலமே இல்லாத தலைமுறை. மாரிதோறும் பூநாரைகளின் பரவைக்கடல் அங்கேயே கிடந்தது. படமெடுக்க வேண்டியவர்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்தார்கள். இந்த இடைவெளியைப் பறவையியலின் இழப்பாக மட்டும் கணக்கிட எனக்கு மனம் வரவில்லை. ஊரையே விட்டுப் போனவர்களின் இழப்புக்குள் இதுவும் ஒரு சிறு பங்கு.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஏ9 வீதியால் தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரத்தொடங்கினர். 2013இன் இறுதியில் டாம்ரோன் 150–600 மில்லிமீற்றர் லென்சை அறிவித்தது. சிக்மாவின் இலகுவான 150–600உம் நிக்கொனின் 200–500உம் 2015இல் கடைக்கு வந்தன. பெரும்பாலும் நிறுவனங்களின் செலவில் வாங்கப்பட்ட நீளம், தனியாள் சேமித்து வாங்கும் நீளமானது. தெரு திறந்ததும் லென்ஸ் விலை இறங்கியதும் சில ஆண்டு இடைவெளியில் நடந்தவை. தீவகத்துப் பறவைப் படங்கள் திடீரெனப் பெருகியதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே காரணம்.

நீளம் எதைத் தருகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். 1.3 மீற்றர் உயரப் பூநாரை 100 மீற்றர் தொலைவில் நின்றால், 50 மில்லிமீற்றர் லென்ஸ் அதைக் கமராவின் உணரியில் 0.65 மில்லிமீற்றராக வரையும். 600 மில்லிமீற்றர் லென்ஸ் 7.8 மில்லிமீற்றராக, அதாவது முழுச்சட்ட உணரியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காக வரையும். ஆனால் அந்த 100 மீற்றர் காற்றையும் லென்ஸ் சேர்த்தே பெருக்கும். வெயில் ஏறியபின் தரவையிலிருந்து எழும் வெப்ப அலைகளில் இறகின் விளிம்பு நெளிந்து கரையும். எந்த விலை லென்சும் அதைத் திருத்தாது. மாரியின் மேகமூட்டமான காலை அந்த வகையில் வரம். தாம்போதி வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுவதால், மார்கழியில் தென்கிழக்கே எழும் சூரியன் காலையில் வடமேற்குப் பக்கத்துப் பறவைகள்மேல் நேராக விழும். வாடைக்காற்று நீண்ட குழாயை உலுக்கும். யன்னல் விளிம்பில் அரிசிப் பையொன்றை வைத்து அதன்மேல் லென்சைக் கிடத்துவதே முக்காலியைவிட உறுதி. உப்புத் துமியை உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து ஈரக்காற்றுக்குள் எடுத்ததும் வில்லை வியர்க்கும். அப்படியே பெட்டிக்குள் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாப் படமும் சான்றாகிவிடாது. கைதட்டி எழுப்பிய பூநாரைக் கூட்டத்தின் சிவந்த சிறகு விரிப்பு அழகுதான். எழுப்பப்பட்ட பறவை மேய்ச்சல் நேரத்தை இழக்கிறது. வடக்கே திரும்பும் பயணத்துக்குச் சேர்க்கவேண்டிய கொழுப்பை அந்தப் பறப்பிலேயே செலவிடுகிறது. அந்தப் படம் பறவையின் இயல்பையும் சொல்லாது. நாளும் இடமும் நீக்கப்பட்டுச் சுற்றும் படம் லெக் காலத்தில் சீட்டுக் கழன்ற தோலுக்குச் சமம். அருங்காட்சியகத்தில் சீட்டு இல்லாத தோலை எவரும் ஆய்வுக்கு எடுக்கமாட்டார்கள்.

நாளும் இடமும் பதிந்த படங்கள் இப்போது அவசரமாகத் தேவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் இந்திய நன்கொடையோடு கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் 1,700 கிலோவாட் சூரியசக்தியோடு 530 கிலோவாட் காற்றாலையும் அடங்கும். டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வாழும் தீவு மக்களுக்கு இந்த மின்சாரம் கிடைக்கவே வேண்டும். காற்றாலையின் அலகு சுற்றும் உயரத்தில் எந்தப் பறவை எப்போது பறக்கிறது என்பதைச் சுழற்சி தொடங்குமுன் அறிந்துகொள்வதும் வேண்டும்.

அதற்கு நெடுவில்லை ஓர் அளவுகோலாகவும் பயன்படும். டிஜிட்டல் கோப்பில் குவியத் தூரமும் நேரமும் தாமாகப் பதிகின்றன. பெரிய செவ்வலகு ஆலாவின் சிறகுவிரிப்பு ஏறக்குறைய 1.3 மீற்றர். 400 மில்லிமீற்றர் லென்சில், முழுதாக விரிந்த சிறகு உணரியில் 5 மில்லிமீற்றர் அகலம் பிடித்தால், பறவை 104 மீற்றர் தொலைவில் இருந்திருக்கிறது. அதே சட்டத்தில் கடலின் தொடுவானமும் விழுந்திருந்தால் உயரமும் கிடைக்கும்: தொடுவானத்திலிருந்து பறவை வரையிலான இடைவெளி சிறகின் அகலத்தைப் போல எத்தனை மடங்கோ, அத்தனை 1.3 மீற்றர், கமராவின் மட்டத்துக்கு மேலே. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் புறப்படும் படகின் பக்கவாட்டில் நின்றே இப்படிப் படமெடுக்கலாம். பறவையை மட்டும் இறுக்கமாகச் சட்டத்துக்குள் அடைக்கும் பழக்கத்தை விட்டு, கீழே கொஞ்சம் கடலையும் சேர்த்து எடுக்கவேண்டும்.