பீர்க்கங்கூடு சொல்லும் கதை

வீட்டுப் பந்தலிலே ரெண்டு பீர்க்கங்காயை விதைக்காக முற்ற விடுவது நம்ம வழக்கம். நெற்றாகிக் காய்ந்ததும் விதையைத் தட்டி எடுத்துக்கொள்கிறோம். மிச்சமிருக்கிற கூட்டை என்ன செய்கிறோம்? ஒன்று ரெண்டு உடம்பு தேய்க்க வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் குப்பைக்குழிக்குத்தான். அந்தக் கூடு கப்பலிலே வேலை செய்திருக்கிறது, யுத்தத்துக்குப் போயிருக்கிறது, சுவராகவும் மாறியிருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பீர்க்கிலே முக்கியமாக ரெண்டு வகை. வரிவரியாக இருப்பது நாம் கறிக்கு வைக்கிற சாதாரணப் பீர்க்கு. வரி இல்லாமல் வழவழப்பாக நீண்டிருப்பது நுரைப்பீர்க்கு; இதை மெழுகுபீர்க்கு என்றும் சொல்வார்கள். நாருக்கு ஏற்றது இந்த ரெண்டாவது வகைதான். பீர்க்கு நமக்குப் புதிசில்லை. காதலனைப் பிரிந்தவளின் மேனி நிறத்துக்குப் பீர்க்கம்பூவை உவமை சொன்னவர்கள் சங்கப் புலவர்கள்.

ஆனால் இந்த நுரைப்பீர்க்குக்கு விஞ்ஞானப் பெயரிலே ஒட்டிக்கொண்டிருப்பது எகிப்து தேசம்! காரணம் என்ன தெரியுமா? வெஸ்லிங் என்ற ஜெர்மானிய வைத்தியர் எகிப்திலே தங்கியிருந்தபோது இந்தக் கொடியைப் பார்த்தார். அரபு மக்கள் இதை ‘லூஃப்’ என்பார்கள். அந்தச் சொல்லை வைத்தே 1638-ல் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1768-ல் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை நிபுணர், ‘எகிப்து லூஃபா’ என்று பொருள்படும்படி பெயர் வைத்துவிட்டார். உண்மையில் இதன் தாயகம் தெற்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான். கொடி நம்முடையது, பெயர் இன்னொருவருடையது!

சரி, கப்பலுக்கு வருவோம். நீராவிக் கப்பலிலே, எஞ்சினை ஓட்டி முடித்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, திரும்பவும் கொதிகலனுக்கே அனுப்புவார்கள். அந்தத் தண்ணீரில் எஞ்சின் எண்ணெய் கலந்துவிடும். எண்ணெய் கொதிகலனுக்குள் படிந்தால் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போகும். அந்த எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியாகப் பீர்க்கங்கூட்டை வைத்தார்கள். அமெரிக்கா இதற்கான கூட்டைப் பெரும்பாலும் ஜப்பானிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ரெண்டு தேசத்துக்கும் சண்டை மூண்டதும் வரத்து நின்றது. அவசர அவசரமாக லத்தீன் அமெரிக்க நாடுகளிலே பயிர் செய்யப் பார்த்தார்கள். போர்வீரர்களின் இரும்புத் தொப்பிக்குள்ளே மெத்தையாகவும் இந்தக் கூடு பயன்பட்டது. யுத்தம் முடிந்தது, செயற்கை ஸ்பாஞ்சு வந்தது, பீர்க்கங்கூட்டின் மவுசு இறங்கிவிட்டது. ஒரே ஒரு உபயோகத்தை நம்பியிருக்கிற பொருளின் கதி இப்படித்தான் ஆகும். இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு கதை முடியவில்லை. விஞ்ஞானிகள் இந்த நாரைத் திரும்பவும் கையில் எடுத்தார்கள். இந்த வலைப்பின்னல், காய்க்குத் தண்ணீரும் சத்தும் கொண்டுபோன நரம்புகள்தான். கிட்டத்தட்ட 60 சதவீதம் செல்லுலோஸ், அதாவது பஞ்சிலே இருக்கிற அதே பொருள். ஒரு லிட்டர் படி நிறைய வைத்தாலும் நூறு கிராம் தேறாது. 1993-ல் பாகிஸ்தான் விஞ்ஞானிகள் இக்பால், ஜாபர் இருவரும், நுண்ணிய உயிரணுக்களைத் தங்கவைக்க இந்தக் கூடு நல்ல இடம் என்று எழுதினார்கள். பின்னால் 2004-ல், இதிலே ஒரு பூஞ்சணத்தை வளர்த்து, தண்ணீரில் கலந்த ஈயம், செம்பு, துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியும் வெளிவந்தது. 2012-ல் ஆஸ்திரேலியாவிலே, மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் கூட்டை அழுத்திப் பார்த்து, அதன் எடைக்கு அது அதிர்ச்சியை நன்றாகவே தாங்குகிறது என்று கண்டார்கள். இரும்புத் தொப்பிக்குள் வைத்தவர்கள் அனுபவத்தில் கண்டதை இவர்கள் அளந்து சொன்னார்கள், அவ்வளவுதான்.

இப்போது நமக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தென் அமெரிக்காவிலே பராகுவே என்று ஒரு சின்ன தேசம். அங்கே காகுவாசு பகுதியிலே, எல்சா சால்டிவார் என்ற அம்மையார் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பீர்க்கங்கூடு பயிரிடவைத்தார். பாய், செருப்பு எல்லாம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். எவ்வளவு ஜாக்கிரதையாக வளர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கு கூடு ஏற்றுமதித் தரத்துக்கு வரவில்லை. வெட்டிய துண்டுகளும் மிச்சம். தூக்கிப் போட்டார்களா? இல்லை. பெட்ரோ பாட்ரோஸ் என்ற எஞ்சினியர் ஒரு இயந்திரம் செய்து கொடுத்தார். அதிலே கழிவு நாரையும் வேண்டாத பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்து, சுவருக்கும் கூரைக்கும் ஆகிற பலகை செய்தார்கள். காடு அழிந்து மரம் கிடைக்காத ஊரிலே, மரத்துக்குப் பதில் பீர்க்கு! 2008-ல் அந்த அம்மையாருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒரு ஏக்கரில் நுரைப்பீர்க்கு போட்டுவிடாதீர்கள். வாங்குகிறவர் யார், என்ன நீளம் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பிறகு விதையுங்கள். முதலில் வேலி ஓரத்திலே நாலு கொடி போதும். பந்தல் கட்டாயம் வேண்டும். தரையில் கிடக்கிற காய் கோணலாகும், அழுகும். அமெரிக்காவில் வட கரோலினாவிலே சோதனை செய்தவர்கள், குளிருக்கு முன்னால் காய் முற்ற வேண்டுமே என்று நாற்று வளர்த்து நட வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. காய் பழுப்பாகி, எடை குறைந்து, ஆட்டினால் விதை கலகலக்கும்போது பறியுங்கள். தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, விதையை உதறி, நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள்.

பிளாஸ்டிக் நார் தேய்ந்தால் மண்ணிலே மக்காது. பீர்க்கங்கூடு தேய்ந்தால் எருவாகும். வேறு தேசத்தார் பெயர் வைத்தார்கள், விலை வைத்தார்கள். குப்பைக்குழிக்குப் போகும் முன்னால், நம்ம கொடியின் கூட்டை நாமும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்போமே!