பல்லைக் கடிச்சா ரத்தம் எங்கே போகும்?

கணபதியில, சத்தி ரோட்டு பஸ் சத்தம் உள்ளே வராம ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கேன்.

அப்பா இங்கே ஒரு சின்ன லேத் பட்டறை வச்சிருக்கார். சில வருஷத்துக்கு முன்னாடி பில் பணம் மாசக்கணக்கா நின்னுபோச்சு. அப்போ அவருக்கு வலது தாடையில தீராத வலி. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. வலி போகலை. "பல்லு போச்சு, வலி போகலியே கண்ணு"ன்னார். போன மாசம் ரிலீஸ் நேரத்துல எனக்கும் அதே வலி வந்தது. அப்பதான் இந்த வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன்.

1851-ல் பிரான்சில் கிளாட் பெர்னார், ஒரு முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடானது. ரத்தக்குழாய் எவ்வளவு திறக்கணும்னு நரம்பும் முடிவு பண்ணுது என்பது அதிலிருந்து தெளிவாச்சு. 1915-ல் அமெரிக்காவின் வால்டர் கேனன், பயமும் கோபமும் உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார் பண்ணுதுன்னு புத்தகமே எழுதினார். வயித்துக்குப் போற ரத்தம் குறையும், தசைக்குப் போறது கூடும். 1959-ல் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் மனிதர்களிடமே இதை அளந்தார்கள். மனசுக்கு நெருக்கடி வந்தப்போ, கை அசையாம இருந்தும் முன்கைத் தசையில ரத்த ஓட்டம் கூடியது.

சரி, தாடை? அங்கே கதை வேற பாதையில போச்சு. 1934-ல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை வச்சு, கடைவாய்ப் பல் இல்லாததால மூட்டு நசுங்குறதுதான் காரணம்னு எழுதினார். அதுக்கப்புறம் பல வருஷம் எல்லார் பார்வையும் பல்லு மேலயும் மூட்டு மேலயும்தான். 1969-ல் டேனியல் லாஸ்கின் அதைத் திருப்பிப் போட்டார். பெரும்பாலும் பிரச்சினை தசைப் பிடிப்பு, அதுக்குப் பின்னாடி இருக்கிறது மன அழுத்தம்னு சொன்னார்.

கன்னத்தில் கை வச்சு பல்லைக் கடிச்சுப் பாருங்க. புடைக்கிறதுதான் மாசெட்டர் தசை. டென்ஷன்ல அட்ரினலின் அதன் ரத்தக்குழாயைத் திறக்கப் பார்க்கும், பரிவு நரம்பு சுருக்கப் பார்க்கும். குழாயைத் திறக்க இன்னொரு நரம்பு வழியும் இருக்குன்னு ஜப்பான் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியிருக்காங்க. இத்தனைக்கும் நடுவுல நாம பல்லை இறுக்கிக் கடிச்சா, தசையே தன் குழாய்களை நசுக்கிடும். தோல் மேல ஒளியைச் செலுத்தி அளந்தா, இறுக்கும்போது தசையில ஆக்சிஜன் குறையறதும், விட்டதும் ஏறுறதும் தெரியும். நம்ம ஊர் பாஷையில சொன்னா, மோட்டாரைப் போட்டுட்டு ஹோஸை மிதிச்சுட்டு நிக்கிறோம். கடிச்சு உடனே விட்டா பரவாயில்லை. மணிக்கணக்கா விடாம கடிச்சா தசை களைச்சு வலிக்கும். எல்லா வலிக்கும் இதுவே காரணம்னு சொல்ல முடியாது. நடக்கும்போது தாடை வலிச்சு நெஞ்சும் இறுக்கினா, அது இதயப் பிரச்சினையா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

"பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோ"ன்னு நாம சாதாரணமா சொல்றோம். அதை எங்கப்பா நிஜமாவே செஞ்சிருக்கார். வாய் மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாம இருக்கணும், அதுதான் தாடைக்கு ஓய்வு. இப்போ என் மானிட்டர்ல "பல்லை விடு"ன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்.

இதையெல்லாம் அப்பாகிட்டச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "பில்லுப் பணம் வந்திருந்தா அன்னைக்கே சரியாப் போயிருக்கும் கண்ணு"ன்னார். லாஸ்கின் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அந்தப் பல்லு போனது போனதுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்ங்க.