எந்தப் பெயருக்குத் திரும்புவது?

2018இல், நெதர்லாந்திலிருந்து தாயைத் தேடி வந்த ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்காக ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக்குப் போனேன். அவருக்கு வயது 33. பிறப்புச் சான்றிதழில் தாயெனப் பதிவாகியிருந்த அம்மா, தான் பிள்ளையே கொடுக்கவில்லை என்றார். யாரோ காசு கொடுத்து நீதிமன்றத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்களாம், வைத்தாராம்.

இது தனிக்கதையல்ல. 1970களிலிருந்து 1990கள் வரை ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயினர். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் தாயின் சம்மதத்தைக் கேட்டது; சம்மதிப்பவள்தான் தாயா என்பதை யார் பார்த்தார்கள்? 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, அடையாள அட்டையும் இல்லாமல் கொழுந்து பறித்த சனத்திடம் அதைச் சரிபார்க்க என்ன தாள் இருந்தது? 1987இல் வெளிநாட்டு மகவேற்பு இடைநிறுத்தப்பட்டது. 1992இன் திருத்தச் சட்டம் அதை நன்னடத்தைத் திணைக்களத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் 1998இல்தான் வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் டச்சு பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மகவேற்பை முறிக்க நெதர்லாந்துச் சட்டத்தில் வழியுண்டு. வளர்ந்த பிள்ளையே நீதிமன்றத்தைக் கேட்கலாம். முறிந்தால் பழைய குடும்ப உறவு சட்டப்படி உயிர் பெறும். ஆனால் பராயமடைந்து 2 ஆண்டுக்குப் பின்னும் 5 ஆண்டுக்குள்ளும் கேட்க வேண்டும். அதாவது 20 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில். இந்தப் பொய்த்தாள்களைப் பற்றி நெதர்லாந்துத் தொலைக்காட்சி உரக்கப் பேசியதோ 2017இல்.

நமக்கு இந்த முறிவு புதிதல்ல. ஸைத் பின் முஹம்மத் என அழைக்கப்பட்டவர், அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியபின் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். நபி (ஸல்) அவர்களின் அன்பு அதனால் குறையவில்லை. எடுத்து வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவுமில்லை, வம்சவழியை மாற்றுவதைத்தான் தடுத்தது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் ஸைதுக்குத் திரும்பிப்போக ஹாரிஸா என்ற மெய்யான பெயர் இருந்தது. லய வாசலில் நின்ற பெண்ணுக்கு? கெடு தவறாமல் அவர் வழக்காடி வென்றிருந்தாலும், சட்டம் அவரைச் சேர்த்திருப்பது காசுக்குக் கையெழுத்து வைத்த அந்த அம்மாவிடம்தான்.

"அப்ப இவ பெத்தவ யாருங்க?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, அவருடைய கையைப் பிடித்து உட்காரவைத்தார்.