உறுப்பு மாற்று மருந்துகளின் நரம்பியல் பக்கவிளைவுகள்

மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க வாழ்நாள் முழுதும் உட்கொள்ளும் மருந்துகளால் மூளையிலும் நரம்புகளிலும் ஏற்படும் பாதிப்புகள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் சிறுநீரக மாற்று நடந்த காலத்தில் அசாதியோபிரினும் ஸ்டீராய்டுமே கைவசம் இருந்தன. பின்னர் வந்த சைக்ளோஸ்போரினும், ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் பிரித்தெடுக்கப்பட்ட டாக்ரோலிமஸும் உறுப்புகளின் ஆயுளை நீட்டின. நரம்புத் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் காரணமும் இவையே.

மிகப் பரவலானது கை நடுக்கம். தொடக்க கால ஆய்வுகளில் டாக்ரோலிமஸ் உட்கொண்டோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருந்தது. கையெழுத்து கோணும், தம்ளர் தளும்பும். தலைவலி, தூக்கமின்மை, கைகால் மதமதப்பு ஆகியவையும் வரலாம். மருந்தின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நடுக்கத்துக்கு அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்துவது உறுப்பையே பறிகொடுக்கச் செய்யும்.

அரிதாக வருவது ‘ப்ரெஸ்’ எனப்படும் மூளை வீக்கம். 1996இல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. இரத்த அழுத்தம் எகிறும். வலிப்பு, குழப்பம், திடீர்ப் பார்வையிழப்பு தோன்றும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பின்பகுதியில் நீர்கோத்திருப்பது தெரியும். உடனே கண்டறிந்து அழுத்தத்தைக் குறைத்து, மருந்தை மாற்றினால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். இரத்தத்தில் மக்னீசியம் குறைந்திருப்பது ஆபத்தைக் கூட்டும்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டம் 2008இல் தொடங்கியது. மாற்று உறுப்பு பெற்றவர்களில், எடுத்துக்காட்டாகத் தருமபுரி மாவட்டத்தவர், பெரிய சிகிச்சைக்குச் சேலம், வேலூர், பெங்களூர் என்று போனாலும், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அரூரிலோ பென்னாகரத்திலோ உள்ள மருத்துவரிடம்தான் போவார்கள். கவனம் மிகத் தேவைப்படும் இடம் அதுதான். கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல், டில்டியாசெம் ஆகியவை டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். பம்ளிமாஸ் பழமும் அப்படியே. எனவே மாற்று உறுப்பு பெற்றவர் எந்தச் சீட்டு எழுதப்படும் முன்னும் தம் மருந்துப் பட்டியலைக் காட்ட வேண்டும். இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைப் பரிசோதிக்கக் காலை மாத்திரை போடும் முன்பே இரத்தம் கொடுப்பது அவசியம். போட்டபின் கொடுத்தால் முடிவு பிழையாகக் கூடிக் காட்டும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவையும் எதிர்த்திசையில் அளவை இறக்கி உறுப்பை நிராகரிப்பில் தள்ளக்கூடும். ஆகவே மாற்று உறுப்பு பெற்றவர்களின் வலிப்புக்கு லெவிடிராசிடம் பெரிதும் விரும்பப்படுகிறது.