கப்பியும் கீலும்

இராயபுரம் முதல் எண்ணூர்வரை வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பல சாலையையும் பாரவண்டியையும் நம்பிப் பிழைப்பவை. ஆயினும் நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சாலைச் சொற்களை நாம் ஆராய்ந்தோமில்லை.

முதலிற் கல்லைக் காண்போம். உடைகல்லைப் பரப்பிச் சாலையிடும் முறையைப் பரவச்செய்தவர் ஸ்காத்லாந்து தேசத்து ஜான் லவுடன் மக்காடம் (1756–1836). ஆறு அவுன்சுக்கு மேற்பட்ட கல்லை இடலாகாது என்பது அவர் விதி. ஆங்கிலர் அச்சாலைக்கு அவர் பெயரையே இட்டனர். நம்மவரோ 'கப்பிச் சாலை' என்றனர். தானியத்தை இடித்துச் சலிக்குங்கால் சல்லடையில் நிற்பது கப்பி. அடுக்களைச் சொல் தெருவுக்கு வந்தது. புலவர் அவை கூடியும் இதனிற் சிறந்த பெயரைக் கண்டிராது என்பது நம் எண்ணம்.

ஜல்லியின் கதை வேறு. 1956-ஆம் ஆண்டிலேயே மெட்ரிக் அளவை சட்டமாயிற்று. ஏட்டில் 40, 20, 12, 6 மில்லிமீட்டர் என்றெழுதினும், வேலைக்களத்தில் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் ஜல்லி என அங்குலக் கணக்கே இன்றும் செல்லும். பல்லாவரத்துக் கருங்கல்லுக்குப் புவியியலார் வைத்த பெயர் 'சார்னோகைட்'. கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்பாரின் கல்லறைமேற் கிடந்த கல்லை ஆராய்ந்து, 1893-இல் ஹாலந்து என்ற அறிஞர் இட்டது அது. நம் மலைக்கல் ஒரு வெள்ளையர் சமாதியாற் பெயர்பெற்ற விந்தையை என்னென்பது!

இனித் தார். அரசர் மார்பிலணிந்த தாருக்கும் இதற்கும் உறவில்லை. இஃது ஆங்கிலச் சொல்லின் உருவம். நிலக்கரியைக் காற்றுப் புகாமற் காய்ச்சுகையில் வடிவதே மெய்யான தார். 1902-இல் இங்கிலாந்தில் ஹூலி என்பவர் சாலைக்கு உரிமை பெற்ற கலவையில் இருந்தது இதுவே. இக்காலத்தில் நம் சாலைகளில் ஊற்றப்படுவதோ பிட்டுமின். கச்சா எண்ணெயினின்று பெட்ரோலும் டீசலும் பிரித்தபின் நிற்கும் அடிக்கசடு. 1965-இல் நிறுவப்பெற்று 1969-இல் உற்பத்தி தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையிலும் இது கிடைக்கின்றது.

இரண்டையும் தார் என்றே அழைத்தல் வெறும் சொற்பிழையன்று. நிலக்கரித் தாரில் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் மிகுதி. பிட்டுமினில் மிகக் குறைவு. எனினும் பிட்டுமின் புகையும் ஐயத்துக்குரியதென 2013-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கூறியுள்ளது. கொப்பரையருகே நிற்கும் பிள்ளை, தான் முகர்வது யாதென அறிய வேண்டாவோ?

மரக்கலப் பலகையின் இடுக்கில் நீர் புகாது பூசும் பொருளுக்குக் 'கீல்' என்னும் பழஞ்சொல் உண்டு. அதனடியாகப் பிறந்த 'நிலக்கீல்' என்பதைப் பிட்டுமினுக்கு ஆளலாம். கடற்கரையோரத்து நமக்கு அஃது அயலன்று.

நிலக்கீலிலும் வகையுண்டு. முன்னர் ஊசியிறங்கும் ஆழத்தால் தரம் பிரித்தனர். 2006 முதல் இந்தியத் தரவிதி பாகுத்தன்மையாற் பிரிக்கின்றது. பீப்பாயில் 'வி.ஜி. 30', 'வி.ஜி. 40' எனக் காண்பன இவையே. கொள்கலன் லாரிகள் ஊர்ந்தும் நின்றும் செல்லும் எண்ணூர்ச் சாலை போன்றவற்றுக்கு இறுகிய 40 தகும். இளகியதை இட்டால் வெயிலிற் சக்கரத்தடம் பள்ளமாகும். ஒப்பந்தம் எடுக்கும் நம்மவர் இவ்வெழுத்தைப் படித்தபின் கையொப்பமிடுக.

கல்லுடைத்த பாட்டியரும் உருளை ஓட்டிய பெரியோரும் இன்னும் சில வீடுகளில் உளர். அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதி நம் சங்கத்துக்கு அனுப்புவோர்க்கு நன்றியுடையோம்.