யாழ்ப்பாணத்துக் குடும்ப வைத்தியமும் மூன்று படிகளும்

யாழ்ப்பாணத்து வைத்திய வரலாறு எழுதப்படும்போது வைத்தியசாலைகளின் வரலாறாகவே அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எந்த ஆண்டு எந்தக் கட்டடம் எழுந்தது, யார் நிதி கொடுத்தார் என்பன பதிவாகின்றன. வைத்தியரிடம் நோயாளி எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது பதிவாவதில்லை. நடக்க முடிந்தவருக்கு இது ஒரு கேள்வியே அல்ல. என் சாச்சாவுக்கு அது வாழ்நாள் கேள்வி.

1962இல் இலங்கையில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியது. தடுப்புச் சொட்டு மருந்து நாட்டில் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். இரண்டு வயதுப் பிள்ளையாயிருந்த சாச்சாவுக்கு மருந்து முந்தவில்லை, நோய் முந்திக்கொண்டது. இரண்டு கால்களும் சூம்பின. இரும்புச் சட்டம் பூட்டி, கட்டைகளை ஊன்றித்தான் நடப்பார்.

ஆனாலும் சோனகத் தெருவில் வைத்தியம் அவருக்குத் தூரமாக இருக்கவில்லை. வைத்தியர் வீட்டுக்கு வந்தார். இது ஒருவரின் தனிப்பட்ட நற்குணம் மட்டுமல்ல; அதற்குப் பின்னால் ஒரு மரபு இருந்தது. பரியாரிமார் நோயாளியின் திண்ணையில் இருந்து நாடி பார்த்தவர்கள். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் கற்றவர்கள் ஊர்களுக்குள் போய்த் தொழில் செய்தார்கள். நோயாளியின் மொழியில் பேசும் ஊர் வைத்தியர் என்ற வழக்கம் இங்கு வேரூன்றியதில் அவர்களுக்குப் பங்குண்டு என்பது என் கருத்து. என் சிறுவயதில் அந்த வழக்கம் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரில் வந்து இறங்கியது. “இரும்பு தோலை உரசுது, உள்ளுக்குத் துணி வையுங்கோ” என்று டொக்டர் உம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சாச்சாவின் உடம்பை அவருக்குத் தெரியும். அட்டையைப் பார்க்க வேண்டியதேயில்லை.

1990 ஒக்டோபர் 30 இவை எல்லாவற்றையும் அறுத்தது. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றிய நாள் அது. அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த மாதத்தில் துரத்தப்பட்டனர். இழந்த வீடு, கடை, நகை பற்றி நாம் எழுதியிருக்கிறோம். நடக்க முடியாதவர் எப்படிப் போனார் என்பதை அதிகம் எழுதவில்லை. சாச்சா சைக்கிள் கரியரில் போனார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அவரது உடம்பை அறிந்த வைத்தியர் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவருக்கு, 1962இலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

குடாநாட்டில் தங்கியவர்களுக்கும் அந்த மரபு தப்பவில்லை. ஊரடங்கு, எரிபொருள் தடை, மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள், வெளிநாடு போன வைத்தியர்கள் என்று வீடு தேடி வரும் வழக்கம் தேய்ந்தது. அதே காலத்தில் மிதிவெடியும் ஷெல்லும் கால் இழந்தோரின் தொகையைக் கூட்டின. 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் செய்த பணி பெரிது. வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சப்பாணி கட்டி இருக்கவும் ஏற்ற கால் அது. பாயில் இருந்து சாப்பிடும், தொழும் மக்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கால் கொடுக்கும் நிலையம் ஒன்றிருந்தது. காய்ச்சலுக்குப் போகும் டிஸ்பென்சரிக்கோ படிகள் இருந்தன.

நாங்கள் 2010இல் திரும்பினோம். வீட்டுக்குக் கிட்ட இருந்த டிஸ்பென்சரிக்கு மூன்று படிகள். சாச்சா அப்போது சக்கர நாற்காலியில். நான் தூக்க முனைந்தபோது தடுத்தார். “என்ர கால் படியேறாது, மகன். டொக்டர்ட கால் இறங்குமெல்லே?”

டொக்டர் இறங்கி வந்தார். நல்ல மனிதர். வீதியில் நின்ற ஓட்டோவுக்குள்ளேயே பார்த்து மருந்து எழுதினார். இரண்டு வருடம் அப்படியே நடந்தது. நானும் பிரச்சினை தீர்ந்ததென்று நினைத்தேன். ஒருநாள் சாச்சாவுக்குக் கடும் காய்ச்சல். இருந்தே இருந்து இடுப்புக்குக் கீழே வந்த அழுத்தப்புண் எலும்புவரை போயிருந்தது. “ஏன் சொல்லேல்ல?” என்று கேட்டேன். “ரோட்டில வைச்சு உடுப்பைக் கழட்டச் சொல்லுறியா?” என்றார். ஏழு கிழமை வார்ட்டில் கிடந்தார்.

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006 ஒக்டோபரில் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களும் பொதுச் சேவை வழங்கும் இடங்களும் அவர்கள் நுழையத்தக்கதாக இருக்கவேண்டும் என்றன. ஏற்கனவே இருந்தவற்றுக்கு மூன்று வருட அவகாசம். 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. நமது வரலாற்றிலும் முன்மாதிரி உண்டு. உமையா கலீபா வலீத், பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் நடக்க முடியாதவருக்குப் பணியாளும் நியமித்ததாகத் தபரீ எழுதுகிறார். அதைத் தனியாரின் தர்மத்துக்கு விடாமல் அரசு செய்தது என்பதே கவனிக்க வேண்டியது.

சாய்தளம் கட்டினால் போதுமென்பாரும் உளர். கணக்குப் பார்ப்போம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது பொது அளவு. ஆறு அங்குலப் படி மூன்றென்றால் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். நமது ஒடுங்கிய வீதிகளில் எந்தக் கடைக்கு முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறது? ஏறியபின் நாற்காலி நுழையும் கதவு வேண்டும். ஏறிப் படுக்கத்தக்க பதிவான கட்டில் வேண்டும். செவிப்புலனற்றவருக்கு எழுதிக் காட்டப் பொறுமையும், பார்வையற்றவருக்கு மருந்துப் பைகளைத் தொட்டுப் பிரித்தறிய ஓர் அடையாளமும் வேண்டும். இவற்றுக்குச் சீமெந்து தேவையில்லை.

நான் அந்த டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்: மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறை, ஒழுங்கையில் திறக்கும் கதவு, நிலமட்டம். அடுத்த கிழமை பெட்டிகள் இடம் மாறின. ஒரு கட்டில் வந்தது. கதவுக்கு ஒரு மணி. சாச்சாவோடு வேறு நால்வரும் அந்தக் கதவால் வருகிறார்கள். அவர்கள் இத்தனை காலம் எங்கே போய் மருந்தெடுத்தார்கள் என்று டொக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் பகுதிகளில் எத்தனை டிஸ்பென்சரிகளுக்கு அப்படியொரு பின்கதவு உண்டு என்று யாராவது நடந்து பார்த்து எழுதவேண்டும். எழுதுபவர் ஒரு சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போனால் நல்லது.